உடையற்ற நீராடலிடங்களை அடையாளங்காணும் உபகுழு

நெடுந்தாழை என்ற ஊரில் இன்று அடுப்பு எரிகிற வீடுகளைக் காட்டிலும், புலம்பெயர்ந்த அவ்வூராரின் இலண்டன் ஒன்றியத்தில் பதவி வகிக்கிறவர்கள் அதிகம். தலைவர், உபதலைவர்கள், செயலாளர், அவருக்கு உதவி, உதவிக்கு உதவி, பொருளாளர், இவர்களுக்கெல்லாம் மேலே புரவலர்களாகப் போசகர்கள். ஒருவர் போசகர் என்பது கூட்டத்தில் அவருக்கு முன்வரிசைக் கதிரை கிடைக்காத அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். பெயர்ப்பலகைக்கே முதல் முழுவதையும் போட்டுவிட்டு, உள்ளே அடுக்கச் சாமானில்லாமல் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்கள் உண்டல்லவா. ஒன்றியத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் மேற்கொண்டு நடந்தவை விளங்கும்.

வெள்ளிவிழாவை முன்னிட்டு எல்லாரும் சேர்ந்து சுற்றுலா போவது என்று முடிவாயிற்று. கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடித் தேசங்களை ஒவ்வொன்றாக விலை பேசினார்கள். சுவிஸ் குளிர். பாரிசில் ஆளாளுக்குச் சொந்தக்காரர் இருப்பதால் அங்கே போனால் அது சுற்றுலா ஆகாது, செத்தவீடோ கலியாணவீடோதான் ஆகும். கடைசியில் ஒரு கிரேக்கத் தீவில் வந்து நின்றார்கள். அங்கே யாருக்கும் சொந்தமில்லை, வெயில் உண்டு, காலைச் சாப்பாடும் அறை வாடகைக்குள் அடக்கம்.

அப்போது மகளிர் அணிப் பொறுப்பாளர் சிவரூபினி எழுந்தார்.

"அங்கை சில கடற்கரையளிலை உடுப்பே இல்லாமல் குளிக்கினமாம். என்ரை மகள் போயிட்டு வந்து சொன்னவள். நாங்கள் பிள்ளைகுட்டியளோடை கோச் பஸ்ஸிலை போய் அப்பிடி ஒரு இடத்திலை இறங்கினால் என்ன செய்யிறது?"

ஆண்கள் பக்கத்தில் ஒரு கதிரை மட்டும் கிரீச்சிட்டது. தலைவர் மாதவன் மெதுவாக எழுந்து ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"சகோதரி கேட்டது மிக முக்கியமான கேள்வி. நாங்கள் எங்கை போகக் கூடாது எண்டதை முதலிலை வடிவாய் அறிய வேணும். அறியாமல் எப்பிடித் தவிர்க்கிறது? ஆகவே அந்த இடங்களை ஒண்டும் விடாமல் கண்டுபிடிக்க ஒரு உபகுழு அமைக்க வேணும். இது விருப்பமான வேலை இல்லை. ஆராவது தியாக மனத்தோடை முன்வர வேணும்."

விழா முடிந்து மண்டபத்தைக் கூட்டும் உபகுழுவுக்கு ஒன்றியம் பல வருடங்களாக ஆள் தேடுகிறது. இந்த உபகுழுவுக்கு ஆண்கள் பக்கத்தில் கீழே இருந்த கைகளை எண்ணுவது சுலபமாக இருந்தது. வயதுவந்த பிள்ளைகள் இருப்பவர்களே பொருத்தம் என்று சொல்லிப் போசகர்களை முதலில் எடுத்தார்கள். தூக்கிய கைகளில் யோகராஜாவுடையதும் ஒன்று. அதைப் பார்த்து எல்லாரும் திகைத்தார்கள். அவரும் திகைத்தார்.

யோகராஜா கிங்ஸ்பரியில் ஒரு சின்ன டிரை கிளீனிங் கடை வைத்திருப்பவர். கூட்டங்களுக்கு வந்து, பின்வரிசையில் இருந்து, வடை தின்றுவிட்டுப் போகிறவர். கோடையிலும் கழுத்துப் பித்தான்வரை பூட்டிய முழுக்கைச் சட்டை. ஊரில் இளந்தாரியாக இருந்தபோது அவரை ஓர் இராணுவ முகாமில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது முதுகு முழுக்கச் சூடு வைத்த தழும்புகள். இலண்டனுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டதும், வழக்கறிஞர் அனுப்பிய ஒரு டாக்டர் அவரைச் சட்டை கழற்றி நிற்க வைத்து, ஒவ்வொரு தழும்பையும் அளந்து, மனித உருவம் அச்சடித்த தாள் ஒன்றில் குறித்துக்கொண்டார். தாள் குரோய்டனிலுள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போயிற்று. தழும்பு நல்ல தழும்பு என்று முடிவாகி, நாட்டில் இருக்க அனுமதி வந்தது. அத்தோடு முதுகு அதன் விலைக்குப் போய்விட்டது. விற்றுத் தீர்ந்த சரக்கை மறுபடி மேசையில் பரப்புவதற்கு அவருக்கு விருப்பமில்லை.

அந்த அறையில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர் இன்றைய தலைவர் மாதவன். அங்கே கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்த வேலையின் விதி. இத்தனை வருடமும் மாதவன் அதைக் காத்தார். சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம் என்பதால் யோகராஜா கோயிலுக்குப் போனால் செருப்புகளோடு வெளியே நிற்பார். பிரைட்டன் கடற்கரைக்குக் குடும்பமாகப் போனால் களுசானை முழங்கால்வரை மடித்துவிட்டு நிற்பார். கடலில் நீந்திப் பழகிய உடம்பு, கடலைக் கண்டால் கணுக்காலோடு திரும்பிவந்தது. "சேட்டோடை இறங்குங்கோவன்" என்று மனைவி கனகாம்பிகை ஒருமுறை சொன்னாள். இறங்கினார். நனைந்த துணி முதுகோடு ஒட்டி, மறைக்க வேண்டியதையெல்லாம் வரைந்து காட்டியது.

அவருடைய கடைக்கு மிசிஸ் பார்லோ என்று ஒரு வாடிக்கைக்காரி வருவார். இளைப்பாறிய ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் கிரேக்கத்துக்குப் போய்க் கறுத்துத் திரும்புவார். போன வருடம் வெளுக்கக் கொடுத்த கோட்டைத் திருப்பி வாங்க வந்தபோது, உடுப்பில்லாமல் குளிக்கும் இடங்களுக்குத்தான் தான் போவது என்று, வெங்காயம் வாங்கப் போவதைச் சொல்வது போலச் சொன்னார். யோகராஜா நிலத்தைப் பார்த்தார்.

"வெட்கப்படாதே, யோகா. எனக்கு ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். மற்றக் கடற்கரைகளில் எல்லாரும் பார்க்காத மாதிரிப் பார்ப்பார்கள். அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை. பார்ப்பது ஒன்றுதான் அங்கே மரியாதைக்கேடு."

அந்த வார்த்தை அவருக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. யாரும் பார்க்காத ஒரு கடல். ஒருமுறை, ஒரே ஒருமுறை, முதுகில் தண்ணீர் பட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கனகாம்பிகை கேட்டாள்: "நீங்களே உடுப்பில்லாத இடம் தேடப் போறியள்? எனக்கு முன்னாலையே லைட்டை நூத்துப்போட்டுச் சேட்டு மாத்திற ஆள்."

"அதுக்குத்தான் போறன்."

"பேந்து என்னையும் கழட்டச் சொல்லக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாள். அனுமதி கிடைத்துவிட்டது.

உபகுழு கிறிஸ்துராஜாவின் வீட்டில் கூடியது. கிறிஸ்துராஜா ஒரு கவுன்சிலில் வாகனத் தரிப்பிடப் பகுதியில் இருந்து இளைப்பாறியவர். எங்கே எது நிற்கக் கூடாது என்பதில் அவருக்கு வாழ்நாள் அனுபவம். ஒன்றியத்தின் பொருளாளர் நிர்மலன் பெரிய திரையைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். கிறிஸ்துராஜாவின் மனைவி தேத்தண்ணி கொண்டுவரும்போதெல்லாம் திரையில் தீவின் மழைவீழ்ச்சி விவரம் தோன்றியது.

முதலாவது கூட்டம் வரைவிலக்கணத்தில் போயிற்று. உடையற்ற நிலை என்றால் என்ன? கோவணம் உடையா? "எங்கடை அப்பா கிணத்தடியிலை கோவணத்தோடைதான் குளிச்சவர். அவர் உடையற்றவரோ?" என்று ஒரு போசகர் கண் சிவந்தார். கோவணம் பண்பாடு என்று தீர்மானித்தார்கள். அதே அளவு துணியை ஒரு வெள்ளைக்காரன் கட்டினால் அது பண்பாடு அல்ல என்று நிர்மலன் திருத்தம் கொண்டுவர, திருத்தம் நிறைவேறியது.

யோகராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "கோயிலிலை எல்லாரும் சேட்டைக் கழட்டித்தானே நிக்கிறம். கடலிலை கழட்டினால் ஏன் பிழை?"

கிறிஸ்துராஜா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஆர் சொல்லிக் கழட்டுறம் எண்டதுதான் கதை, யோகராஜா. கோயிலிலை ஐயர் சொல்லுறார், கழட்டுறம். டாக்குத்தர் சொல்லுறார், கழட்டுறம். எயார்போட்டிலை பெல்ட்டைக் கழட்டு எண்டுறான், களுசானைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம். அது ஒழுங்கு. ஒருத்தரும் சொல்லாமல் ஒரு மனுசன் தன்ரை பாட்டிலை கழட்டினால் அது சீரழிவு."

இந்தப் பேச்சைக் கூட்டக் குறிப்பில் அப்படியே சேர்க்க வேண்டும் என்றார்கள். சேர்த்தார்கள்.

அதன் பிறகு வேலை மும்முரமானது. கடற்கரைகளை முழுமையானவை, அரைகுறையானவை, மாலையில் மட்டும் ஆனவை என்று மூன்று தரமாகப் பிரித்தார்கள். கோச் எவ்வளவு தூரத்தில் போனால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று பார்த்தார்கள். ஒருவர் தொலைநோக்கியோடு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதைச் சோதிக்கத் தொலைநோக்கிகள் வாங்கப்பட்டன. கோயில்களையும் அருங்காட்சியகங்களையும் தேட அமைத்த இன்னொரு உபகுழு ஒருமுறைகூடக் கூடவில்லை. ஆகவே தீவில் எங்கே போகக் கூடாது என்பது ஒன்றியத்துக்குக் கரைத்துக் குடித்த பாடமாகியது. எங்கே போகலாம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

மற்றவர்கள் திரையில் கடற்கரைப் படங்களைப் பார்த்தார்கள். யோகராஜா கீழே எழுதியிருந்ததை வாசித்தார். அப்படித்தான் அந்தக் குடாவைக் கண்டுபிடித்தார். கோச் போகாது, வாடகைக் காரும் போகாது, ஆட்டுப்பாதையில் மலையைச் சுற்றி நடக்க வேண்டும். கடையில்லை, குடையில்லை. "இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கிழவர்கள், நோயாளிகள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை" என்று எவரோ எழுதியிருந்தார். இரண்டு முறை வாசித்தார். பிறகு வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றியத்துக்கு ஒரு துரோகம் செய்தார். அந்தக் குடாவின் பெயரை உபகுழுவுக்குச் சொல்லவில்லை.

கிறிஸ்துராஜா சும்மா ஆளில்லை. செய்மதிப் படத்தில் தீவின் கரையை அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தவர், பட்டியலில் இல்லாத ஒரு குடாவின் மணலில் விரித்துக் கிடந்த ஒரு துவாயைக் கண்டுவிட்டார். அந்தப் பக்கத்துக் கரைக்குப் பொறுப்பு யோகராஜா என்பதும் அவருக்கு நினைவு வந்தது.

சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது. மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை எல்லாம் முறைப்படி நடந்தன. குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரம் ஒதுக்கி வந்ததற்காகச் செயலாளர் நன்றியும் சொன்னார். கனகாம்பிகை பெண்கள் பக்கத்தில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

"நாங்கள் தவிர்க்க வேண்டிய இடம் ஒண்டை இவர் எங்களுக்கு மறைச்சுப்போட்டார்" என்று கிறிஸ்துராஜா தொடங்கினார். "இதாலை எங்கடை சனம் அறியாமல் அங்கை போய் நிண்டிருக்கும்."

"அது மலைப்பாதையாலை கனதூரம் நடந்து போற இடம், அண்ணை" என்றார் யோகராஜா. "அறியாமல் எப்பிடிப் போறது?"

"அறியாமல் எண்டால் அறியாமல்தான். ஏன் மறைச்சனீர்? அதைச் சொல்லும்."

பேசாமல் இருப்பதில் யோகராஜாவுக்குப் பழக்கம் இருந்தது. அப்போது தலைவர் மாதவன் எழுந்து, குரலைத் தாழ்த்தி, ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"இவர் சொல்ல மாட்டார். இவரின்ரை நன்மைக்காக நான் சொல்லுறன். இவரின்ரை முதுகை நான் கண்ணாலை கண்டனான். இரகசியம் காக்கிற தொழில் எண்டபடியாலை இண்டுவரைக்கும் வாய் திறக்கேல்லை. இண்டைக்கும் திறக்க மாட்டன். ஆனால் முதுகிலை வெறும் இடமே இல்லை. இடப்பக்கம் ஒண்டு, உள்ளங்கை அகலம். டாக்குத்தரே அளவுகோலைக் கீழை வைச்சுப்போட்டு ஒருக்கால் வெளியிலை போயிட்டு வந்தவர். இதுக்கு மேலை சொல்லுறது நாகரிகமில்லை."

மண்டபம் ஒரே முகமாகத் திரும்பி யோகராஜாவின் சட்டையைப் பார்த்தது. அவர் நாற்காலியின் சாய்மணையோடு முதுகை ஒட்டிக்கொண்டார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் நகைக்கடையில் பழைய சங்கிலி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் கடைக்காரர் பார்ப்பாரே, அதுவும் கொஞ்சம் இருந்தது. முதலில் வாய் திறந்தவர் நிர்மலன்.

"தலைவர், வெள்ளிவிழா மலரிலை நடுப்பக்கம் இன்னும் வெறுமையாய்த்தான் கிடக்குது. ஊரின்ரை துயரம் எண்டு ஒரு படம் போட வேணும் எண்டு தேடிக்கொண்டு திரியிறம். இஞ்சை பக்கத்திலையே இருக்குது."

குற்றச்சாட்டை எல்லாரும் மறந்துவிட்டார்கள். கைதட்டல் எழுந்தது. ஒரு போசகர் யோகராஜாவை அன்போடு தோளில் தட்டப்போய், தழும்பு நோகுமோ என்று கையை எடுத்துக்கொண்டார்.

"இப்பவே சேட்டை ஒருக்கால் கழட்டினால் சபைக்கு முன்னாலை உறுதிப்படுத்திறதாயும் போகும், படம் எடுத்ததாயும் போகும்" என்றார் மாதவன். "பெண்கள் விரும்பினால் மற்றப் பக்கம் திரும்பலாம். கட்டாயமில்லை."

"ஏலாது" என்றார் யோகராஜா.

"ஊருக்காகக் கேக்கிறம்."

"முகாமிலையும் கேட்டுத்தான் கழட்டினவங்கள்."

நிர்மலன் தெளிவுபடுத்தினார். "அது வேறை, அண்ணை. அவங்கள் எதிரி. நாங்கள் உங்கடை சொந்தச் சனம்."

கிறிஸ்துராஜா எழுந்தார். "வெள்ளைக்காரருக்கு முன்னாலை முழுசாய்க் கழட்ட இடம் பிடிச்சு வைச்சிருக்கிறார். எங்களுக்கு முன்னாலை சேட்டை மட்டும் கழட்ட ஏலாதாம். நான் வேறை ஒண்டும் சொல்லேல்லை."

அவருக்கு முன்பைவிடப் பெரிய கைதட்டல் கிடைத்தது. சுற்றுலாவிலிருந்து யோகராஜாவின் பெயரை நீக்குவதென்றும், மறைக்கப்பட்ட குடாவை உபகுழு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டுமென்றும் தீர்மானம் நிறைவேறியது. அந்தக் கடைசித் தீர்மானத்தை யோகராஜா கேட்கவில்லை. கனகாம்பிகை அவரைக் கையில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

"பிளேன் ரிக்கற் எடுங்கோ" என்றாள் வழியில். "அவங்கடை கோச் இல்லாட்டில் எங்களுக்குக் கால் இல்லையே?"

சுற்றுலாவுக்கு முன்னமே போய்வந்துவிடலாம் என்று கடையை ஒரு கிழமைக்குப் பூட்டினார்கள். உபகுழுவும் சுற்றுலாவுக்கு முன்னமே பார்வையிட்டுவிடலாம் என்று அதே கிழமையைத்தான் தெரிந்தெடுத்திருந்தது.

குடாவில் சனம் குறைவு. வயிறு தொங்கியவர்கள், முதுகு கூனியவர்கள், ஒரு காலில்லாத மனிதர். மிசிஸ் பார்லோ சொன்னது பொய்யில்லை. யோகராஜா வந்து நின்றதை ஒருவரும் காணவில்லை. கனகாம்பிகை மேலே ஒரு மரத்தடியில் குடையை விரித்துக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி இருந்தாள். அவர் முதற்பித்தானைக் கழற்றக் கனநேரம் எடுத்தார். சட்டை போனபிறகு மற்றவை பாரமாக இல்லை. எல்லாவற்றையும் மடித்துக் கல்லின் மேல் வைத்தார். டிரை கிளீனிங்காரர், மடிக்காமல் வைக்க வராது. பிறகு நடந்து, இடுப்பளவில் நின்று, பின்பக்கமாக அப்படியே தண்ணீரில் சாய்ந்தார்.

உப்பு எரியும் என்று பயந்திருந்தார். எரியவில்லை. தண்ணீர் முதுகைத் தடவிக்கொண்டு தன் பாட்டில் போயிற்று. அது எதையும் எண்ணவில்லை. அவர் வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். கண்ணீர் வந்திருந்தாலும் அங்கே அதற்குக் கணக்கில்லை.

கால் மணித்தியாலம் இருக்கலாம். மலைப்பாதையில் உபகுழு தோன்றியது. ஒன்றியத்தின் நீலக் கோட், இலச்சினை, கழுத்துப்பட்டி, தொலைநோக்கி. முன்னால் தலைவர், பின்னால் கிறிஸ்துராஜா, அவருக்குப் பின்னால் மலையேறி மூச்சிரைத்த போசகர்கள். மணலில் வரிசையாக நின்றார்கள். வேறொன்றும் செய்யவில்லை, பார்த்தார்கள். கடமை என்று வந்தவர்கள், ஒன்றையும் விடாமல் பார்த்தார்கள்.

முதலில் ஒரு கிழவி துவாயை எடுத்து மார்பில் சுற்றினாள். பிறகு அவள் கணவர். காலில்லாத மனிதர் செயற்கைக் காலை எட்டி எடுத்து மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் பாதையேறினார். கொஞ்ச நேரத்தில் கரையில் இருந்த எல்லாரும் உடுத்துவிட்டார்கள். கடலில் மிச்சமாக நின்றவர் யோகராஜா ஒருவர்தான்.

"யோகராஜா அண்ணை" என்று மாதவன் கைகளை வாயில் குவித்துக் கூப்பிட்டார். "கோவிக்காதையுங்கோ. வெளிச்சம் நல்லாயிருக்குது. ஒருக்கால் மற்றப் பக்கம் திரும்பி நில்லுங்கோ. மலருக்குத்தான்."

நிர்மலன் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தார். யோகராஜா தண்ணீருக்குள் நின்று யோசித்தார். அவரிடம் இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றதைக் காப்பாற்றலாம். முதுகைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, முகத்தை அவர்களுக்கு நேரே வைத்து, கையால் ஒன்றையும் மறைக்காமல் கரையை நோக்கி நடந்தார். இடுப்பு வெளியே வந்ததும் உபகுழு பயிற்சி பெற்ற அணிபோல மறுபக்கம் திரும்பியது. போசகர் ஒருவர் கண்ணைப் பொத்தினார். நிர்மலனின் தொலைபேசி மணலில் விழுந்தது. அவர்களுடைய நீலக் கோட் முதுகுகளைப் பார்த்தபடி யோகராஜா ஆறுதலாகத் துவட்டி, சட்டையைப் போட்டு, கழுத்துப் பித்தான்வரை பூட்டினார்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கிறிஸ்துராஜா அறிக்கை வாசித்தார். ஒரு வார்த்தையும் பேசாமல், தங்கள் பிரசன்னத்தினாலேயே ஒரு கடற்கரை முழுவதையும் உபகுழு உடுக்க வைத்ததாகவும், இந்தச் சேவை மற்ற நாடுகளுக்கும் தேவைப்படுவதாகவும் அதில் இருந்தது. உபகுழு நிரந்தரமாக்கப்பட்டது.

வெள்ளிவிழா மலர் வெளியான கிழமை, மாதவன் தன் நீலக் கோட்டைத் தூக்கிக்கொண்டு யோகராஜாவின் கடைக்கு வந்தார். கோட்டை மேசையில் போட்டுவிட்டு, மலரை விரித்து வைத்தார். நடுப்பக்கம் முழுவதும் ஒரு முதுகு. கீழே யோகராஜாவின் பெயர், ஊர், "எம் மண்ணின் சாட்சி" என்ற வரி. இளமையான, அகலமான முதுகு. அதில் தழும்புகள் தாராளமாக இருந்தன.

"இது ஆரின்ரை?" என்றார் யோகராஜா.

"நிர்மலன்ரை மருமோன்ரை. ஜிம்முக்குப் போற பெடியன். நாடகத்துக்கு மேக்கப் போடுற பிள்ளைதான் செய்தது. அச்சிலை மங்கிப்போகும் எண்டு உங்களுக்கு இருந்ததிலை பார்க்கக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்குது. சனம் பாத்துப்போட்டு அழுகுது, அண்ணை."

யோகராஜா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழவழப்பான தாள். உள்ளங்கை அகலத்தில் ஒன்று, சரியாக இடப்பக்கத்தில்தான் இருந்தது.

"இது என்ரை இல்லையே" என்றார்.

மாதவன் ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "முதுகு ஆரின்ரையாய் இருந்தால் என்ன, அண்ணை? பேர் உங்கடைதானே."